மது குடித்துவிட்டு ஓடினால் உடல் எதை எரிக்கிறது?

கேள்வி இதுதான்: "மதுவில் கிராமுக்கு 7 கலோரி இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் அதுவும் ஒரு எரிபொருள்தானே? குடித்த பிறகு ஓடினாலோ சைக்கிள் மிதித்தாலோ அந்தக் கலோரி முதலில் எரிந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். ராத்திரி குடித்ததை மறுநாள் காலை ஓடியே கரைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?"

நண்பர் சொல்வதில் பாதி சரி. மது எரிபொருள்தான், உடல் அதைத்தான் முதலில் எரிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த வேலையைத் தொடங்குவது ஓடுகிற கால் அல்ல, கல்லீரல். நீங்கள் ஓடினாலும் சரி, படுத்துக் கிடந்தாலும் சரி, அது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நடக்கும். அது நடந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க, கொழுப்பை எரிக்கும் வழியும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வழியும் அடைபட்டுக் கிடக்கின்றன. கலோரிக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். உயிருக்கு ஆபத்து வருவதும் அதிலிருந்துதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மது உடலுக்குள் உண்மையிலேயே எரிகிறதா, இல்லை வெறும் நஞ்சாக உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறதா என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சண்டையாக இருந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், ஓர் ஆள் நாள்கணக்கில் உள்ளேயே தங்கியிருக்கக்கூடிய ஓர் அடைத்த அறையை அமைத்தார். உள்ளே இருப்பவரின் உடல் வெளியிடும் வெப்பம், மூச்சில் வரும் கரியமில வாயு எல்லாவற்றையும் அளந்தார். குடித்த மதுவில் மிகப் பெரும்பகுதி உடலில் எரிந்து ஆற்றலாகிறது என்று காட்டினார். மதுவிலக்குப் பிரசாரகர்களுக்கு அவர் மேல் கடும் கோபம். ஆனால் அளவு அளவுதான். அந்த முடிவு இன்றுவரை நிற்கிறது. கிராமுக்கு 7 கலோரி என்றால் மாவுச்சத்தைவிட (4) அதிகம், கொழுப்பைவிட (9) குறைவு. கலோரி என்று நான் சொல்வதெல்லாம் உணவுப் பொட்டலங்களில் போட்டிருக்கும் கிலோகலோரியைத்தான்.

இப்போது வேகத்துக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கையாளும். அதாவது மணிக்கு 50 முதல் 70 கலோரி. அதே ஆள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு அவர் எடையின் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கலோரி என்ற கணக்கில், மணிக்கு 700 கலோரி செலவாகும். ஆக, அவர் உடலில் எவ்வளவு மது இருந்தாலும் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்து வரப்போவதில்லை. மிச்சம் அத்தனையும் அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

40 சதவீத மது 60 மில்லி குடித்தார் என்று வையுங்கள். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 19 கிராம், அதாவது 130 கலோரிக்குக் கொஞ்சம் மேல். அது முழுதாகக் கரைய இரண்டிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் அரை மணி நேரம் ஓடினால் அந்த அரை மணியில் கரைவது மூன்றரை முதல் ஐந்து கிராம். ஓடாமல் உட்கார்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே மூன்றரை முதல் ஐந்து கிராம்தான். "வேர்த்தால் வெளியே போய்விடும்" என்பதும் பெரிய உதவி இல்லை. மூச்சு, சிறுநீர், வியர்வை மூன்றும் சேர்ந்தே மாறாமல் வெளியேற்றுவது 2 முதல் 10 சதவீதம்தான். குடித்ததை ஓட்டத்தால் விரட்ட முடியாது.

ஏன் தசை இதை நேரடியாக எரிப்பதில்லை? ஆல்கஹாலை உடைக்கும் நொதி தசையில் இல்லை என்றே சொல்லிவிடலாம். அது முக்கியமாகக் கல்லீரலில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. முதலில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடு ஆகிறது. இது நச்சுப் பொருள். அடுத்து அது அசிட்டேட் ஆகிறது. இந்த அசிட்டேட்டின் பெரும்பகுதியைக் கல்லீரல் தானே வைத்துக்கொள்ளாமல் ரத்தத்தில் விட்டுவிடுகிறது. இதயமும் தசையும் அதை எடுத்து எரிக்கின்றன. ஆகவே மதுவின் ஆற்றல் கடைசியில் காலுக்கும் போய்ச் சேருகிறது என்பது உண்மை. ஆனால் அசிட்டேட் எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் கல்லீரல்தான் தீர்மானிக்கிறது. கால் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் கிடைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தசையில் இருக்கும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, வேகமாக ஓடும்போது ஆக்சிஜன் போதாத நேரத்திலும் ஓரளவு ஆற்றல் தரும். மதுவால் அது முடியாது. ஆக்சிஜன் இல்லாமல் அதிலிருந்து ஒரு துளி ஆற்றல்கூடக் கிடைக்காது. ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் எட்டிப் பாய வேண்டிய நேரத்தில் அது எந்த உதவிக்கும் வராது.

இனி அடைப்பு எப்படி விழுகிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

நான் மேலே சொன்ன இரண்டு கட்டங்களிலும் என்ஏடி என்ற ஒரு மூலக்கூறு வேண்டும். இதைக் காலி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலிலிருந்து கழற்றிய ஹைட்ரஜனை அது ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிய பிறகு அதன் பெயர் என்ஏடிஎச். சுமையை இறக்கினால்தான் அது மறுபடியும் காலி வண்டியாகும். கல்லீரல் செல்லில் இந்த வண்டிகள் அளவோடுதான் உண்டு. மது உள்ளே வந்ததும் அவற்றில் ஏராளமானவை அதிலேயே மாட்டிக்கொள்கின்றன. எங்கே பார்த்தாலும் ஏற்றிய வண்டி, காலி வண்டி மட்டும் கிடைப்பதில்லை. கொழுப்பை உடைக்கவும் காலி வண்டி வேண்டும். தசை வெளிவிடும் லாக்டேட் என்ற பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதற்கான முதல் படிக்கும் காலி வண்டி வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் தடுமாறுகின்றன. மதுவைச் சேமித்து வைக்க உடலில் இடம் கிடையாது, வைத்திருந்தால் நஞ்சு. அதனால் அதை முதலில் தீர்த்துவிட வேண்டிய கட்டாயம் கல்லீரலுக்கு.

முதலில் கொழுப்பு. 1999இல் கலிஃபோர்னியாவில் ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்து அடுத்த சில மணி நேரம் அளந்து பார்த்தார்கள். உடல் முழுவதிலும் கொழுப்பு எரிவது 73 சதவீதம் குறைந்தது. கொடுத்த மதுவில் கொழுப்பாக மாறியதோ 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மது நேராகக் கொழுப்பாகிவிடுகிறது என்ற பேச்சு பெரும்பாலும் தவறு. ஏற்கெனவே இருக்கிற கொழுப்பும், மதுவோடு சேர்த்துச் சாப்பிட்ட கொழுப்பும் எரியாமல் தங்கிவிடுகின்றன, அதுதான் நடக்கிறது. காரணம் கல்லீரல் மட்டும் அல்ல. ரத்தத்தில் அசிட்டேட் ஏறும்போது கொழுப்புத் திசு தன் கையிருப்பை வெளியே விடுவதையும் குறைத்துக்கொள்கிறது. இது ஓய்வில் எடுத்த அளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது அட்ரினலின் கொழுப்பை வெளியே தள்ளப் பார்க்கும். ஆகவே 73 என்ற எண்ணை அப்படியே ஓட்டத்துக்கு எடுத்துப் போடக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முகமூடி மாட்டி மூச்சுக் காற்றை அளந்து "இப்போது இவ்வளவு கொழுப்பு எரிக்கிறீர்கள்" என்று சொல்லும் கருவிகள் உண்டு அல்லவா? அவை வெளிவிடும் கரியமில வாயுவையும் உள்ளே எடுக்கும் ஆக்சிஜனையும் வகுத்துப் பார்க்கின்றன. வெறும் மாவுச்சத்து எரிந்தால் விகிதம் 1. வெறும் கொழுப்பு என்றால் 0.7. ஆல்கஹால் எரிந்தால் 0.67. எனவே குடித்திருப்பவரின் அளவு கொழுப்பின் பக்கம் சாயும். குடித்திருப்பதைச் சொல்லாமல் போய் அளந்தவருக்கு, கொழுப்பு நன்றாக எரிகிறது என்று அந்தத் திரை காட்டக்கூடும். உள்ளே நடப்பது நேர் எதிர்.

அடுத்து சர்க்கரை. என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான்.

நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன் இருக்கும். தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும், ஆனால் தசை தன்னிடம் உள்ளதை ரத்தத்துக்குக் கொடுக்காது. அதற்கான நொதி அதனிடம் இல்லை. எனவே ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரலின் அந்த 100 கிராம்தான். மூளை மட்டுமே மணிக்கு 5 கிராம் அளவுக்குக் கேட்கும். ஓட ஆரம்பித்தால் தசையும் கையை நீட்டும். இருப்பு குறையக் குறைய, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கத் தொடங்கும். தசையிலிருந்து வரும் லாக்டேட், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால், புரதத்திலிருந்து வரும் அலனின் ஆகியவைதான் கச்சாப் பொருள். நீண்ட ஓட்டத்தின் பிற்பகுதியில் இந்தத் தயாரிப்பு இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது.

மது உள்ளே இருந்தால் இந்த மூன்று பாதையும் அடைபடுகிறது. லாக்டேட்டைப் பைருவேட்டாக (சர்க்கரை தயாரிக்கும் வழியில் வரும் இடைப்பொருள்) மாற்றக் காலி வண்டி இல்லை. கிளிசராலுக்கும் அதே கதை. அலனின் பைருவேட்டாக மாறிய பிறகு, ஏற்றிய வண்டிகள் குவிந்திருப்பதால் அந்தப் பைருவேட் சர்க்கரையின் பக்கம் போகாமல் லாக்டேட் பக்கமே இழுக்கப்படுகிறது. ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது, சர்க்கரை இறங்குகிறது.

ஆனால் ஒன்று: சேமித்து வைத்த கிளைகோஜனை உடைப்பதை மது தடுப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் குடித்துவிட்டு அரை மணி நேரம் மெதுவாக ஓடியவருக்கு ரத்தச் சர்க்கரையில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போவது இதனால்தான். "நான் குடித்துவிட்டு ஓடியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கையிருப்பு அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர், மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர், ஏற்கெனவே இரண்டு மணி நேரம் ஓடி முடித்தவர் ஆகியோருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அவர்களுக்குக் கல்லீரலின் தயாரிப்பு ஒன்றுதான் வழி, மது அடைப்பது அதைத்தான்.

1977இல் ஸ்வீடனில் இதை நேரடியாக அளந்தார்கள். நீண்ட நேரம் உடற்பயிற்சி செய்பவர்களின் கல்லீரல் பகுதியிலும் காலிலும் குழாய் செலுத்தி, உள்ளே போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மது கொடுத்தபோது கல்லீரல் தரும் சர்க்கரை குறைந்தது, கால் எடுத்துக்கொள்ளும் சர்க்கரையும் குறைந்தது. அதற்கு முன்பே 1973இல் பிரிட்டனில் ஹைட், கீட்டிஞ்ச் என்ற இரு உடலியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது. உடற்பயிற்சி செய்து களைத்தவர்களுக்கு மது கொடுத்துக் குளிரில் இருக்க வைத்தார்கள். ரத்தச் சர்க்கரை விழுந்தது, அதோடு உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறனும் கைவிட்டது. மலையேறி இறங்கியதும் "உடம்பு சூடாகட்டும்" என்று ஒரு மிடறு குடிக்கும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. களைப்பு, வெறும் வயிறு, குளிர், மது, இந்த நான்கும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. தோலுக்கு ரத்தம் ஓடுவதால் சூடேறியதுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சர்க்கரை விழுந்தவரை வெளியிலிருந்து பார்த்தால் குடித்தவர்போலவே இருப்பார். நாக்கு குழறும், கால் தள்ளாடும், கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் வரும், வேர்த்துக் கொட்டும். மூச்சிலும் மது வாடை. சுற்றி இருப்பவர்கள் "போதை தலைக்கேறிவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் உடனே சர்க்கரை கலந்த எதையாவது குடிக்கக் கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு காலத்தில் மதுவை ஊக்க மருந்தாகவே நினைத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு ஓட்டத்தின் நடுவே ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சும் முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் கொடுத்தார்கள். அவர்தான் வென்றார், ஆனால் முடித்தபோது நிற்கக்கூட முடியாத நிலையில் இருந்தார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2018 முதல் மதுவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "அப்படியானால் பிரச்சினை இல்லை போல" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தடைப் பட்டியலில் இல்லாத ஒன்று உடலுக்கும் நல்லது என்று அர்த்தமாகாது.

ஓட்டம் முடிந்த பிறகு குடித்தால்? இதையும் பலர் கேட்கிறார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு நீண்ட பயிற்சிக்குப் பிறகு எடையின் கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹால் கொடுத்தார்கள். மாவுச்சத்தின் இடத்தை மது பிடித்துக்கொண்டபோது தசையில் கிளைகோஜன் நிரம்புவது தெளிவாகக் குறைந்தது. மாவுச்சத்தைக் குறைக்காமல் அதோடு கூடுதலாக மது கொடுத்தபோது 24 மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது இங்கே நஷ்டம் பெரும்பாலும் சாப்பிடாமல் விட்டதால் வருவது. நடைமுறையில் குடிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதுதான் சிக்கல். தசை வளர்ச்சியில் அப்படித் தப்பிக்க வழியில்லை. 2014இல் வந்த ஆய்வில் அதே அளவு மது, பயிற்சிக்குப் பின் போதிய புரதம் எடுத்துக்கொண்டவர்களிடமும் தசைப் புரத உருவாக்கத்தை 24 சதவீதம் குறைத்தது. கிலோவுக்கு 1.5 கிராம் என்பது பெரிய அளவு, 70 கிலோ ஆளுக்கு 105 கிராம். ஒரு கிளாஸ் குடிப்பவருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் போட்டி முடிந்த இரவில் இந்த அளவைத் தொடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

தண்ணீர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மது சிறுநீரைக் கூட்டும், எனவே வேர்த்து இழந்ததை அதைக் கொண்டு நிரப்ப முடியாது.

சரி, நண்பரின் இரண்டாவது யோசனைக்கு வருவோம்: ராத்திரி குடித்ததைக் காலையில் ஓடிக் கரைப்பது. ஒன்பது மணிக்குத் தொடங்கி பதினொரு மணிக்குள் அந்த 60 மில்லி அளவு நான்கு குடித்தார் என்று வைத்தால் சுமார் 76 கிராம். மணிக்கு 7 முதல் 10 கிராம் என்று கழித்தால் அது தீரக் காலை ஐந்திலிருந்து எட்டு மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு எழுந்து ஓடுபவரின் ரத்தத்தில் இன்னும் மது இருக்கலாம். அந்த ராத்திரி முழுக்கக் கல்லீரல் புதிய சர்க்கரையைச் சரியாகத் தயாரிக்காமல் இருப்பைத்தான் கொடுத்திருக்கிறது. வயிறும் காலி. நான் மேலே சொன்ன ஆபத்தான கூட்டணி அப்படியே அமைந்துவிட்டது.

எட்டு மணிக்கு ஓடினால் என்றால், கரைப்பதற்கு மது மிச்சமே இருக்காது. அதன் கலோரியை உடல் தூக்கத்திலேயே எரித்து முடித்துவிட்டது. தங்கியிருப்பது அந்த நேரத்தில் எரியாமல் போன கொழுப்பும், கூடவே சாப்பிட்டதும்தான். அதைக் குறைக்க ஓடுவது நல்ல விஷயம்தான், ஆனால் அன்றைக்கே, வெறும் வயிற்றில், முழு வேகத்தில் ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நன்றாகத் தண்ணீர் குடித்து, மாவுச்சத்து உள்ள உணவாகச் சாப்பிட்டு, சாயங்காலமோ மறுநாளோ ஓடுங்கள். அன்று காலையே உடம்பை அசைத்தாக வேண்டும் என்றால் சாப்பிட்டுவிட்டு நடங்கள்.

கடைசியாக, சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் சல்போனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கடுமையான உடற்பயிற்சி, அதன் பிறகு மது என்றால் சர்க்கரை விழுவது உடனே நடக்காமல் நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ நடக்கலாம். பயிற்சி முடிந்து பல மணி நேரம் ஆன பிறகும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துத் தன் இருப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். மருந்தும் சர்க்கரையைக் கீழே தள்ளும். கல்லீரலோ தயாரிப்பை நிறுத்தி வைத்திருக்கும். தூக்கத்தில் இருப்பதால் நடுக்கமும் படபடப்பும் தெரியாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் குளுக்ககான் ஊசியும் கல்லீரலின் கிளைகோஜனை உடைத்துத்தான் சர்க்கரையை ஏற்றுகிறது. இருப்பு தீர்ந்திருந்தால் அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. ஆகவே அப்படிப்பட்ட ஒரு நாளில் படுக்கும் முன் சர்க்கரையை அளந்து பாருங்கள், மாவுச்சத்தோடு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், குடித்திருக்கிறீர்கள் என்பதையும் பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.